பெருந்தொற்றுக்குப் பிறகு தொழில் நடத்தும் முறையை மாற்ற வேண்டுமா? கணக்குப் போட்டு முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கோவிட்-19 ஒரு பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று சொன்னது. உலகளாவிய அவசர நிலை முடிந்ததாக 2023 மே 5 அன்று அறிவித்தது. இந்த மூன்று ஆண்டுகளில் நிறுவனங்கள் அவசரத்துக்குச் செய்துகொண்ட ஏற்பாடுகள் பல இன்னும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தொடரலாம் என்று யாரும் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை, நிறுத்த மறந்துபோனார்கள். வேறு சில நிறுவனங்களோ நல்ல பலன் தந்த ஏற்பாட்டைக்கூட, "நிலைமை சரியாகிவிட்டது" என்று சொல்லி ஒரே வாரத்தில் கைவிட்டன. இரண்டு தரப்பும் கணக்குப் போடவில்லை.

ஆய்வுக்கென்றே தனிக் குழு வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களும் இதில் தவறியிருக்கின்றன. இணைய வணிகத்தின் பங்கு ஐந்து, ஏன் பத்து ஆண்டு முன்னுக்குத் தாவிவிட்டது, இனி இறங்காது என்று, இணையக் கடை நடத்த மென்பொருள் தரும் ஷாப்பிஃபை நிறுவனம் நம்பி ஆள் சேர்த்தது. அந்தப் பந்தயம் பலிக்கவில்லை என்று அதன் தலைவரே ஒப்புக்கொண்டு, 2022 ஜூலையில் ஊழியர்களில் சுமார் 10 சதவீதம் பேரைக் குறைத்தார். வீட்டு உடற்பயிற்சி மிதிவண்டி செய்யும் பெலோட்டன், 2021 மே மாதம் ஒஹாயோ மாநிலத்தில் சுமார் 40 கோடி டாலரில் தொழிற்சாலை கட்டுவதாக அறிவித்தது. 2022 பிப்ரவரியில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, சுமார் 2,800 வேலைகளையும் குறைத்தது. தேவை உயர்ந்தது உண்மைதான். அது எந்த வகைத் தேவை, எடுக்கும் முடிவைத் திருப்ப முடியுமா என்ற இரண்டு கேள்விகளில்தான் சறுக்கல். இந்த வழிகாட்டி முழுக்க அந்த இரண்டையும் சுற்றியே போகும்.

தொடங்கும் முன்: ஒரு தாள், நான்கு பத்தி

"நம் தொழில் முறையை மாற்றலாமா?" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. கூட்டம் போட்டவர்களில் யார் குரல் உயர்ந்ததோ அவர் சொன்னதே முடிவாகும். அதனால் முதலில் துண்டு துண்டாகப் பிரியுங்கள். வாடிக்கையாளர் எந்த வழியாக வருகிறார், சரக்கு யாரிடமிருந்து வருகிறது, எவ்வளவு கையிருப்பு வைக்கிறோம், வேலை எந்த இடத்தில் நடக்கிறது, எதை யார் தீர்மானிக்கிறார், எந்தச் செலவு நிலையானது, எது விற்பனையோடு ஏறி இறங்குவது, பணம் எத்தனை நாளில் கைக்கு வருகிறது. இவற்றை வரிவரியாக எழுதினால் நடுத்தர நிறுவனத்துக்கு இருபது வரி போதும்.

ஒவ்வொரு வரிக்கும் நான்கு பத்தி, அதாவது அட்டவணையில் நான்கு நெடுவரிசை. முதலாவது, 2019 இறுதியில் எப்படி இருந்தது. இரண்டாவது, கட்டுப்பாடுகள் உச்சத்தில் இருந்தபோது எப்படி. மூன்றாவது, இன்று எப்படி. நான்காவது பத்திதான் பலரும் விட்டுவிடுவது: அந்த ஏற்பாடு எந்தத் தேதியில் பூட்டிக்கொள்ளும்? இட வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது, காலி செய்ய எத்தனை மாதம் முன்னால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மென்பொருள் சந்தா எப்போது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், சப்ளையரோடு போட்ட குறைந்தபட்ச அளவு எந்த மாதம் வரை. எதை முதலில் ஆராய்வது என்பதை இந்தத் தேதிகளே சொல்லிவிடும். மூன்று வாரத்தில் தானாக நீளப்போகும் ஒப்பந்தம் இருக்கும்போது, இரண்டு ஆண்டு கழித்து வரும் விஷயத்தை அலசிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இந்தத் தாளை மேலாளர்கள் மட்டும் நிரப்பினால் பாதி உண்மை விடுபடும். பில் போடுபவர், பொதி கட்டுபவர், தொலைபேசி எடுப்பவர் ஆகியோரோடு ஆளுக்கு அரைமணி நேரம் உட்காருங்கள். அலைபேசிக் குறுஞ்செய்தியில் ஆர்டர் வாங்கி, அதை மறுபடி கணினியில் தட்டிக்கொண்டிருக்கும் வேலை எந்த அறிக்கையிலும் இருக்காது. அவர்களுக்குத்தான் தெரியும்.

படி 1: எந்த ஆண்டோடு ஒப்பிடுவது

பெரும்பாலான மதிப்பீடுகள் கெட்டுப்போகும் இடம் இது. 2020-ஐயோ 2021-ஐயோ அடிப்படையாக வைத்தால் எதையும் நிரூபிக்கலாம். 2019-ஐ மட்டும் வைத்தாலும் தவறுதான், ஏனென்றால் பெருந்தொற்று வராமலே இருந்திருந்தாலும் நீங்கள் 2019-இலேயே நின்றிருக்க மாட்டீர்கள்.

ஒரு கணக்கு. 2017-இல் மாதம் சராசரியாக 1,000 ஆர்டர், 2018-இல் 1,060, 2019-இல் 1,124. அதாவது ஆண்டுக்கு 6 சதவீத வளர்ச்சி. 2023-இல் 1,500 ஆர்டர் வந்தது. 2019-ஓடு ஒப்பிட்டால் 33 சதவீத உயர்வு, கொண்டாடத் தோன்றும். ஆனால் பழைய 6 சதவீதம் அப்படியே தொடர்ந்திருந்தால் 2023-இல் 1,419 வந்திருக்கும். கூடுதலாக வந்தது 81 ஆர்டர், 6 சதவீதத்துக்கும் குறைவு. இன்னும் ஒரு படி போங்கள். பழைய வளர்ச்சி 4 சதவீதமாகக் குறைந்திருந்தால் 1,315, 8 சதவீதமாகக் கூடியிருந்தால் 1,529. நிஜமான 1,500 இந்த இடைவெளிக்குள்ளேயே விழுகிறது. அப்படியானால் நிலையான மாற்றம் நடந்ததற்கு இந்த எண்ணில் சான்று இல்லை. இதை நம்பிப் புதுக் கிடங்கு எடுக்கக் கூடாது.

நாடுகள் அளவிலும் இதே வடிவம் தெரிந்தது. அமெரிக்கச் சில்லறை விற்பனையில் இணைய வழிப் பங்கு 2020-இன் தொடக்கத்தில் 11, 12 சதவீதம் அளவில் இருந்தது. இரண்டாம் காலாண்டில் 16 சதவீதத்தைத் தொட்டது. 2021-இல் சற்று இறங்கியது, பிறகு ஏறக்குறைய பழைய வேகத்திலேயே ஏறத் தொடங்கியது. உச்சத்தைப் பார்த்துக் கோடு போட்டவர்கள் ஏமாந்தார்கள்.

கணக்குப் போடும்போது கவனிக்க வேண்டியவை நான்கு. பணத்தில் எண்ணாதீர்கள், எண்ணிக்கையில் எண்ணுங்கள்: விலைவாசி ஏறிய ஆண்டுகளில் விற்பனைத் தொகை தானாகவே கூடும். அரசு தந்த ஊதிய மானியம், தள்ளுபடியான வாடகை, தள்ளிவைத்த கடன் தவணை எல்லாவற்றையும் கழித்துவிட்டு லாபம் பாருங்கள். பக்கத்துப் போட்டியாளர் மூடிப்போனதால் வந்த வாடிக்கையாளரைத் தனியாக எழுதுங்கள், அது உங்கள் புதிய முறையின் வெற்றி அல்ல. பருவத்துக்கு ஏற்ப விற்பனை மாறும் தொழில் என்றால், கட்டுப்பாடு ஏதும் இல்லாத 12 தொடர் மாதங்கள் கையில் இல்லாமல் நிரந்தர முடிவுக்குப் போகாதீர்கள்.

படி 2: வந்த தேவை எந்த வகை

தேவை கூடியது என்றால் நான்கில் ஒரு காரணம் இருக்கும். நாளை வாங்க வேண்டியதை மக்கள் நேற்றே வாங்கியிருக்கலாம். வேறு வழியில்லாமல் உங்களிடம் வந்திருக்கலாம். ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த மாற்றம் வேகமெடுத்திருக்கலாம். அல்லது உண்மையிலேயே புதிய பழக்கம் உருவாகியிருக்கலாம். மாற்றத்துக்கு முதலீடு செய்யத் தகுதியுள்ளவை கடைசி இரண்டும்தான்.

முன்கூட்டியே வாங்கியது நீடித்து உழைக்கும் பொருட்களில் அதிகம்: மேசை, திரை, உடற்பயிற்சிக் கருவி, சமையலறைச் சாதனம். ஒருமுறை வாங்கினால் பல ஆண்டு திரும்ப மாட்டார்கள். விற்பனை உயர்ந்ததற்கு அடுத்து, வழக்கத்தைவிடக் கீழே ஒரு பள்ளம் விழும். அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனமான டார்கெட் 2022 ஜூனில், மக்கள் வாங்குவதை நிறுத்திவிட்ட வீட்டுப் பொருட்களின் கையிருப்பு மலைபோல் சேர்ந்ததால், ஆர்டர்களை ரத்து செய்து தள்ளுபடியில் விற்றுத் தீர்ப்பதாக அறிவிக்க நேர்ந்தது இந்தப் பள்ளத்தால்தான்.

எந்த வகை என்பதைக் கண்டுபிடிக்கும் சோதனை எளிது. வாடிக்கையாளர்களை முதல் முறை வாங்கிய தேதிப்படி மூன்று தொகுதியாகப் பிரியுங்கள்: பெருந்தொற்றுக்கு முன், கட்டுப்பாட்டுக் காலத்தில், கட்டுப்பாடு நீங்கிய பின். ஒவ்வொரு தொகுதியிலும், முதல் வாங்கலுக்குப் பின் 6 மாதத்தில் எத்தனை பேர் மறுபடி வாங்கினார்கள், 12 மாதத்தில் எத்தனை பேர் என்று பாருங்கள். கட்டுப்பாட்டுக் காலத் தொகுதியில் 100-க்கு 15 பேரும் மற்ற இரண்டிலும் 40 பேரும் திரும்பி வந்திருந்தால், நடுவில் வந்தவர்கள் வேறு வழியில்லாமல் வந்தவர்கள். மூன்றிலும் எண் நெருக்கமாக இருந்தால் பழக்கம் ஊன்றிவிட்டது. அதிலும் முக்கியமானது மூன்றாவது தொகுதி. எல்லாக் கதவும் திறந்திருக்கும்போது உங்கள் புதிய வழியைத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள்.

தரவு இல்லாத சிறு நிறுவனம் என்றால் 30 வாடிக்கையாளரை அழைத்துப் பேசுங்கள். "இந்த வசதி பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "கடைசியாக எப்போது பயன்படுத்தினீர்கள், அன்று நேரில் வராததற்குக் காரணம் என்ன?" என்று கேளுங்கள். நடந்ததைச் சொல்லும்போது பொய் கலப்பு குறைவு.

படி 3: ஒரு ஆர்டருக்கு என்ன மிஞ்சுகிறது

வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

எந்த நாணயமாகவும் இருக்கட்டும், ஒரு ஆர்டரின் மதிப்பு 1,000. நேரடி விற்பனையில் சரக்கின் அடக்கவிலை 600. மிஞ்சுவது 400. அதிலிருந்து அந்த ஆர்டரின் பங்குக்குக் கடை ஊழியர் செலவு 120, வாடகை 110. வீட்டுக்கு அனுப்பும் ஆர்டரில் சரக்கு அதே 600, பொதி கட்டும் பொருள் 30, கொண்டுசேர்க்க 80, செயலி நிறுவனத்துக்குக் கமிஷன் 200, திரும்பி வரும் சரக்கின் நட்டம் சராசரியாக 40. மிஞ்சுவது 50.

இப்போது எண்ணிப் பாருங்கள். மாதம் 100 டெலிவரி ஆர்டர் வருகிறது. அதில் 60 பேர் முன்பு நேரில் வந்து வாங்கியவர்கள். 100 டெலிவரியில் கிடைத்தது 5,000. அந்த 60 பேர் நேரில் வந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியது 60 முறை 400, அதாவது 24,000. ஏன் 400, ஊழியரையும் வாடகையையும் கழிக்க வேண்டாமா? வேண்டாம். அவர்கள் நேரில் வராவிட்டாலும் கடை திறந்தே இருக்கிறது, சம்பளமும் வாடகையும் போய்க்கொண்டேதான் இருக்கின்றன. ஆக, விற்பனை எண்ணிக்கை கூடிய அந்த மாதத்தில் நிறுவனம் 19,000 இழந்திருக்கிறது. வருவாய் அறிக்கையில் இது வளர்ச்சியாகத் தெரியும், வங்கிக் கணக்கில்தான் குறையும்.

எந்தப் புள்ளியில் நட்டம் தொடங்குகிறது? 5,000-ஐ 400-ஆல் வகுத்தால் 12.5. அதாவது 100 டெலிவரியில் 12 பேருக்கு மேல் பழைய நேரடி வாடிக்கையாளர் என்றால் கையைக் கடிக்கும். ஆனால் வாடகை ஒப்பந்தம் முடியும் தேதி வரும்போது கணக்கு மாறும். இடத்தையும் ஆளையும் குறைக்க முடிந்தால் 120-உம் 110-உம் மிச்சமாகின்றன. நேரடி ஆர்டரை இழப்பதால் போவது 170 மட்டும். அப்போது 5,000-ஐ 170-ஆல் வகுத்தால் 29. தாங்கும் எல்லை இரண்டு மடங்குக்கு மேல் விரிகிறது. முதல் தாளின் நான்காவது பத்தியை ஏன் வலியுறுத்தினோம் என்பது இங்கே புரியும்: பழைய நேரடி வாடிக்கையாளர் 100-க்கு 12-க்கும் 29-க்கும் இடையில் இருந்தால், ஒரே மாற்றம், ஒப்பந்தத்தின் நடுவில் செய்தால் நட்டம், முடிவில் செய்தால் லாபம்.

எதிர்வாதமும் உண்டு, அதை நியாயமாக எடைபோட வேண்டும். அந்த 60 பேருக்கு நாம் டெலிவரி தராவிட்டால் போட்டியாளரிடம் போயிருப்பார்கள் என்று சொல்வார்கள். சிலர் போவார்கள். எத்தனை பேர் என்பதை ஊகிக்காமல் சோதித்துப் பாருங்கள்: ஒரு பகுதிக்கு மட்டும் நான்கு வாரம் டெலிவரிக் கட்டணத்தை உயர்த்துங்கள், எத்தனை பேர் நேரில் வந்தார்கள், எத்தனை பேர் காணாமல் போனார்கள் என்று பாருங்கள்.

இந்தக் கணக்கில் வழக்கமாக விடுபடும் செலவுகள்: திரும்பி வந்த பொருளைச் சோதித்து மறுபடி அடுக்கும் நேரம், தவறான முகவரிக்கு இரண்டாம் முறை அனுப்புவது, பணம் செலுத்தும் சேவையின் கழிவு, வாடிக்கையாளர் புகாரைத் தீர்க்கும் ஆள் நேரம். ஒரு வாரம் கடிகாரம் வைத்து அளந்தால் போதும், ஓராண்டுக்குப் பொருந்தும் எண் கிடைத்துவிடும்.

படி 4: வேலை எங்கே நடக்க வேண்டும்

பதவியை வைத்து முடிவெடுக்காதீர்கள், பணியை வைத்து எடுங்கள். கணக்கர் ஒருவரின் 40 மணி நேர வாரத்தைப் பிரித்தால் 26 மணி நேரம் தனியாக அமர்ந்து செய்யும் பதிவு, 6 மணி நேரம் காகித ரசீதும் சரக்கும் சரிபார்ப்பது, 5 மணி நேரம் பிற துறையோடு பேச்சு, 3 மணி நேரம் புதியவருக்குக் கற்பிப்பது என்று வரலாம். நேரில் இருந்தால்தான் சரியாக நடக்கும் வேலை 14 மணி நேரம், ஏறக்குறைய இரண்டு நாள். விவாதம் அத்தோடு முடிந்தது.

சீனாவின் பயண முன்பதிவு நிறுவனமான டிரிப்.காமில் 1,612 ஊழியர்களை வைத்து நடந்த சோதனையை ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கோலஸ் ப்ளூமும் உடன் ஆய்வாளர்களும் 2024-இல் வெளியிட்டார்கள். வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களில் வேலையை விட்டுப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். செயல்திறன் மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் இரண்டு ஆண்டு வரை வித்தியாசம் தெரியவில்லை. இதை அப்படியே எல்லோருக்கும் பொருத்தக் கூடாது. அங்கே இருந்தவர்கள் பொறியியல், சந்தைப்படுத்தல், நிதிப் பிரிவினர். முழுநேரமும் வீட்டிலிருந்தே வேலை என்ற ஏற்பாட்டை அந்தச் சோதனை அளக்கவில்லை.

இடச் செலவு குறையும் என்ற எண்ணத்தில்தான் அடிக்கடி கணக்குத் தப்புகிறது. 100 பேர், ஆளுக்கு வாரம் மூன்று நாள் அலுவலகம். சராசரி ஒரு நாளைக்கு 60 பேர். ஆனால் அவரவர் விருப்பத்துக்கு விட்டால் வாரத்தின் நடு நாட்களில் எல்லோரும் வந்து சேருவார்கள். உச்ச நாளில் 95 பேர் வந்தால் 95 இருக்கை வேண்டும், வாடகை ஒரு காசு குறையாது. குழுவாரியாக நாள் ஒதுக்கினால்தான் 70, 75 இருக்கையில் அடக்க முடியும். நாள் ஒதுக்க மனமில்லை என்றால் இடம் மிச்சமாகும் என்று திட்டத்தில் எழுதாதீர்கள்.

அளக்க வேண்டியவை: குழு முடித்த வேலை, திருத்தி மறுபடி செய்த வேலை, புதியவர் தனியாக வேலை செய்யும் நிலைக்கு வர எத்தனை வாரம், விலகல் விகிதம். கணினியில் ஆள் இணைப்பில் இருப்பதாகக் காட்டும் பச்சை விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தது என்பதை அளந்தால் அந்த விளக்கை எரியவைக்கும் திறமைதான் வளரும். ஊழியர் வேறு மாநிலத்திலோ நாட்டிலோ குடியிருந்தால் வரியும் தொழிலாளர் சட்டமும் மாறும், அனுமதிக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

படி 5: சரக்கு வரும் வழி

2020 வசந்த காலத்தில் கார் நிறுவனங்கள் சிப் ஆர்டர்களை ரத்து செய்தன. சிப் ஆலைகள் அந்த இடத்தை மின்னணுப் பொருட்களுக்குக் கொடுத்துவிட்டன. சில மாதத்தில் கார் விற்பனை திரும்பியபோது வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியதாயிற்று. 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு சப்ளையர்களை இரண்டு முதல் ஆறு மாதச் சிப் கையிருப்பு வைக்கச் சொல்லியிருந்த டொயோட்டா, மற்றவர்கள் ஆலையை நிறுத்திய 2021 தொடக்கத்தில் தாக்குப்பிடித்தது. ஆனாலும் 2021 செப்டம்பரில் உலக உற்பத்தியை 40 சதவீதம் குறைக்க வேண்டி வந்தது. கையிருப்பு காலத்தை வாங்கித் தரும், அதற்கு மேல் தராது.

எவ்வளவு காலம் வாங்குவது என்பதற்கு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் டேவிட் சிம்சி-லெவி உருவாக்கி, ஃபோர்டு நிறுவனத்தில் பயன்பட்ட இரண்டு அளவைகள் உதவும். ஒரு சப்ளையர் நின்றுபோனால் மறுபடி சரக்கு வர எத்தனை வாரம்? அது மீளும் காலம். அந்தச் சரக்கு இல்லாமல் நாம் எத்தனை வாரம் ஓட்டலாம்? அது தாங்கும் காலம். மீளும் காலம் 8 வாரம், தாங்கும் காலம் 3 வாரம் என்றால் இடைவெளி 5 வாரம்.

வாரம் 500 உதிரிப்பாகம், ஒன்று 40 என்றால், 5 வாரக் கையிருப்பின் மதிப்பு 1,00,000. முடங்கிய பணத்துக்கு வட்டி, இடம், காப்பீடு, பழசாகிப்போவது எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 20 சதவீதம் என்று வைத்தால் செலவு 20,000. ஆலை நின்றால் வாரத்துக்கு 1,50,000 இழப்பு, 5 வாரத்துக்கு 7,50,000. இரண்டையும் வகுத்தால் 2.7 சதவீதம். அந்தச் சப்ளையர் ஓராண்டில் அப்படி நிற்கும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்றைத் தாண்டும் என்று நினைத்தால் கையிருப்பு வையுங்கள், இல்லையென்றால் வேண்டாம். இந்தக் கணக்கில் விலை மலிவான பாகங்கள்தான் பெரும்பாலும் ஜெயிக்கும். விலையுயர்ந்த பாகத்தை எல்லோரும் கண்காணிக்கிறார்கள், ஒரு சிறு ரப்பர் வளையம் இல்லாமல் ஆலை நிற்பதுதான் வழக்கம்.

இரண்டாவது சப்ளையரைச் சேர்ப்பது நல்லதுதான், ஒரு நிபந்தனையோடு: அவர் மூலப்பொருளை யாரிடம் வாங்குகிறார் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இருவரும் ஒரே ஆலையில் வாங்கினால் உங்களிடம் இருப்பது ஒரே சப்ளையரும் இரண்டு பில்லும்தான். மேலும் இரண்டாமவருக்கு ஆண்டு அளவில் 20 சதவீதமாவது தொடர்ந்து கொடுக்காவிட்டால், நெருக்கடியில் அவர் உங்கள் தொலைபேசியை எடுக்க மாட்டார்.

படி 6: கைப்பணம் எத்தனை நாள்

அமெரிக்கச் சிறு நிறுவனங்களின் கணக்குகளை ஆராய்ந்து ஜேபி மார்கன் சேஸ் ஆய்வு மையம் 2016-இல் சொன்ன எண் 27 நாள். வரவு நின்றால் வழக்கமான செலவை 27 நாள் தாங்கும் பணம்தான் நடுவிலுள்ள நிறுவனத்திடம் இருந்தது, பாதிப் பேரிடம் அதைவிடக் குறைவு. உங்கள் எண்ணை முதலில் கணக்கிடுங்கள், பிறகு ஒவ்வொரு மாற்றமும் அதை எவ்வளவு நீட்டும் என்று பாருங்கள்.

மாத விற்பனை 5,00,000. விற்பனையோடு மாறும் செலவு 60 சதவீதம், 3,00,000. நிலைச் செலவு 1,50,000, கடன் தவணை 30,000. மிச்சம் 20,000. கையில் 2,70,000 இருக்கிறது. விற்பனை முழுதாக நின்றால் மாதம் 1,80,000 கரையும், 45 நாள் தாங்கும். இப்போது நிலைச் செலவில் 40,000-ஐ, அதாவது சொந்த வண்டியும் கிடங்கும், வெளியாரிடம் விட்டு மாறும் செலவாக்குகிறோம். மாறும் செலவு 68 சதவீதமாகிறது. சாதாரண மாதத்தில் மிச்சம் அதே 20,000. விற்பனை நின்றால் கரைவது 1,40,000, ஆக 58 நாள் தாங்கும். ஆனால் விற்பனை 20 சதவீதம் கூடினால் பழைய முறையில் மிச்சம் 60,000, புதிய முறையில் 52,000. பதின்மூன்று நாள் பாதுகாப்புக்கு, நல்ல மாதத்தில் 8,000 விலை. இதை உரிமையாளர்தான் முடிவு செய்ய வேண்டும், ஆனால் இந்த வடிவில் எண்ணைக் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும்.

படி 7: வெள்ளோட்டம்

இதுவரை போட்ட கணக்கில் தேறிய மாற்றங்களை ஓரிடத்தில் மட்டும் செய்து பாருங்கள். ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு கிளை அல்லது இரண்டு குழு. ஒன்றில் மாற்றம், மற்றதில் பழைய முறை. காலம் 13 வாரம்: முதல் மூன்று வாரம் தடுமாற்றம், அதைக் கணக்கில் சேர்க்காமல் மிச்சம் 10 வாரத்தை ஒப்பிடுங்கள்.

தொடங்கும் முன்பே மூன்று எண் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எந்த எண்ணைத் தாண்டினால் விரிவாக்குவோம், எதற்குக் கீழே போனால் நிறுத்துவோம், நடுவில் நின்றால் இன்னும் எத்தனை வாரம் தருவோம். பிறகு எழுதினால் வந்த முடிவுக்கு ஏற்ப எல்லையை நகர்த்தத் தோன்றும், நல்லவர்களுக்கும் தோன்றும்.

வெள்ளோட்டம் பொய் சொல்லும் வழிகள் சில. மிகத் திறமையான மேலாளர் இருக்கும் கிளையைத் தேர்ந்தெடுப்பது. அதே மாதம் விலையையும் மாற்றுவது. தலைமை அலுவலகம் தினமும் வந்து உதவி செய்வது, விரிவாக்கியபின் அந்த உதவி இருக்காது. புதிய முறைக்கு வர முடியாத வாடிக்கையாளரை எண்ணாமல் விடுவது: திறன்பேசி கையாளத் தெரியாத முதியவர் சத்தமில்லாமல் விலகிவிடுவார், புகார்கூடச் செய்ய மாட்டார். பழைய வாடிக்கையாளர் பட்டியலில் 13 வாரமாக வராதவர்களைத் தேடி எடுத்துப் பேசுங்கள்.

படி 8: முடிவும் அதன் பதிவும்

காரணிகளுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டும் அட்டவணை பல இடங்களில் சொல்லித்தரப்படுகிறது. அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பணம் தீர்ந்துபோகும் ஆபத்தை ஊழியர் திருப்தியின் அதிக மதிப்பெண் ஈடுகட்டிவிடும்படி அது காட்டும். பதிலாக மூன்று வாசல்களை வரிசையாகத் தாண்டச் செய்யுங்கள். தேவை நீடிக்கிறதா (படி 1, 2). ஒரு ஆர்டருக்கோ ஒரு மாதத்துக்கோ மிச்சம் கூடுகிறதா, அல்லது தாங்கும் நாள் நியாயமான விலைக்கு நீள்கிறதா (படி 3 முதல் 6 வரை). தவறாகப் போனால் திரும்பிவர எவ்வளவு செலவு, எத்தனை மாதம்?

மூன்றாவதுக்கு ஓர் அளவுகோல்: திரும்பிவரும் செலவு மூன்று மாத மிச்சத்துக்குள் அடங்கினால் உடனே செய்யலாம், வெள்ளோட்டம்கூடக் குறுகியதாக இருக்கலாம். ஓராண்டு மிச்சத்தைத் தாண்டினால் வாடகைக்கு எடுங்கள், வாங்காதீர்கள். குறுகிய ஒப்பந்தத்துக்குக் கூடுதலாக 10 சதவீதம் கொடுக்க நேர்ந்தாலும் கொடுங்கள். கட்டடமும் இயந்திரமும் கடைசி.

முதல் வாசலில் தோற்றாலும் தூக்கி எறியத் தேவையில்லாதவை உண்டு. தொலைவிலிருந்து கணக்குகளைத் திறக்கும் அனுமதிகள், தொலைபேசி ஆர்டர் எடுக்கும் படிவம், மாற்றுச் சப்ளையரின் விலைப்பட்டியல். இவற்றைப் பராமரிக்க அதிகம் ஆகாது. கைவசம் வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு இருமுறை ஒரு முழு நாள் நிஜமாகவே அந்த முறையில் இயங்கிப் பாருங்கள். காலாவதியான கடவுச்சொல்லும், வேலையை விட்டுப்போனவர் பெயரில் இருக்கும் அனுமதியும் அந்த நாளில்தான் வெளிவரும்.

ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு பக்கப் பதிவு எழுதி வையுங்கள்: என்ன முடிவு, எந்த மூன்று எண்ணை நம்பி எடுத்தோம், அந்த எண் எவ்வளவு மாறினால் மறுபரிசீலனை, யார் கண்காணிப்பார், அடுத்துப் பார்க்கும் தேதி என்ன. டெலிவரி உதாரணத்துக்கு அந்த வரி இப்படி இருக்கும்: "டெலிவரியில் பழைய நேரடி வாடிக்கையாளர் பங்கு இரண்டு மாதம் தொடர்ந்து 12 சதவீதத்தைத் தாண்டினால் செயலிக் கமிஷனை மறுபடி பேசுவது; கமிஷன் 200-லிருந்து குறையாவிட்டால், வாடகை ஒப்பந்தம் முடியும் வரை டெலிவரி விளம்பரத்தை நிறுத்துவது." அடுத்துப் பார்க்கும் தேதியை, ஒப்பந்தத்தைக் காலி செய்ய அறிவிப்பு தர வேண்டிய கடைசி நாளுக்கு ஆறு வாரம் முன்னதாக வையுங்கள், ஒரு முழு மாதக் கணக்கை முடித்துப் பேசுவதற்கு அவ்வளவு நாள் வேண்டும்.